ஆகாத வடகம்

பாஞ்சாலியைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் "வாய்க்காரி" என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவள் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். தையல் மிஷினை மிதித்தபடியே வருஷக்கணக்காக அவள் பேச்சைக் கேட்டு வருகிறேன். பேச வேண்டிய இடத்தில் பேசுகிறாள், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கெல்லாம் இந்த ஊர் என்ன பட்டுப்புடவையா எடுத்துக் கொடுத்துவிட்டது?

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு. மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் மலையும் கோயிலும் தெரியும், மறுபக்கம் கரும்பு. அந்தக் கரும்பில் பெரும்பகுதி கஜபதி போட்டது. பாஞ்சாலியின் புருஷன் குமரேசனுக்குக் கூடப் பிறந்த அண்ணன் அவர். அவளுக்கு பாவா. நிலம் இன்னும் பாகம் பிரிக்காதது. அப்பா வீராசாமி சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது, நிலத்தைப் பார்த்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் கஜபதிதான். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் தானே முடிவெடுத்துப் பழகிவிட்டவர். அப்படிப் பழகியவர்களுக்கு, எதிரில் இருக்கிறவருக்கும் ஒரு தலை இருக்கிறது என்பது மறந்துபோகும்.

குமரேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தன் பங்கு நிலம் எது என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. பாஞ்சாலிக்குத் தெரியும். வரப்பு வரப்பாகத் தெரியும். போன மார்கழியில் ஒருநாள் அவள் கஜபதி வீட்டு வாசலிலேயே போய் நின்று கேட்டுவிட்டாள்.

"எங்க பங்க நாங்களே பாத்துக்கறோம் பாவா. சின்ன வெங்காயம் போடலாம்னு இருக்கேன்."

"வெங்காயமா? இந்தப் பக்கத்துல எவன் போட்டான் வெங்காயம்?" என்றார் கஜபதி. தெரு முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. "சரி, ஒரு போகம் போட்டுப் பாரு. கடைசில குப்பையில கொட்ற மாதிரி ஆச்சுன்னா, அதுக்கப்புறம் உங்க பங்குலயும் கரும்புதான். நான்தான் பாப்பேன். மறுபேச்சு பேசக்கூடாது, இன்னா?"

"ஆங், பேசமாட்டேன். ஆனா ஒரு வெங்காயம்கூட குப்பைக்குப் போவாது பாவா."

இந்தக் கடைசி வாக்கியம்தான் வம்பு. முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்படி நிறுத்துகிறவளாக இருந்தால் அவள் அந்த வாசலுக்கே போயிருக்கமாட்டாள்.

பொங்கல் முடிந்ததும் நட்டாள். களை எடுக்க தாயம்மாள் வந்தாள். அவள் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கிறவள், கூலி வேலைக்குப் போகிறவள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள், அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். வெங்காயம் நன்றாகவே விளைந்தது. பங்குனிக் கடைசியில் பிடுங்கியபோது ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வியாபாரியும் வந்தான். ஒரு வெங்காயத்தை எடுத்து நசுக்கினான், மோந்தான், உதட்டைப் பிதுக்கினான். அப்புறம் ஒரு விலை சொன்னான். பிடுங்கின கூலிக்குக்கூடக் காணாத விலை. எல்லா இடத்திலும் விளைந்துவிட்டதாம், மார்க்கெட்டில் சீந்த ஆளில்லையாம்.

"வண்டியத் திருப்புங்க," என்றாள் பாஞ்சாலி.

"அப்புறம் நீயே கூப்பிடுவம்மா."

"கூப்பிட்டா வராதீங்க."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அன்றைக்கே அவள் ஒரு தப்பு செய்தாள். வேறு வியாபாரி வருவான் என்று வெங்காயத்தை வயலிலேயே குவித்துத் தார்ப்பாயைப் போட்டு வைத்தாள். சித்திரையில் எங்கே மழை வரப்போகிறது என்ற தைரியம். மலைக்குப் பின்னாலிருந்து ஒரு சாயங்காலம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று தார்ப்பாயைத் தூக்கிப் பக்கத்துக் கரும்புக்குள் எறிந்தது. குவியல் முழுக்க நனைந்துவிட்டது.

காய்ந்த வெங்காயம் மாசக்கணக்கில் கிடக்கும். நனைந்த வெங்காயம் யாருக்காகவும் காத்திருக்காது. குமரேசன் ஆட்டோவில் ஆள் ஏற்றுவதை நிறுத்திவிட்டு வெங்காயத்தை ஏற்றினார். நடையில், கட்டிலுக்கடியில், மாடியில், என் தையல் ரூமில், எங்கே பார்த்தாலும் பரப்பினோம். மின்விசிறியை ஓடவிட்டுப் புரட்டினோம். ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அமுங்க ஆரம்பித்தது. ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வயலுக்கே எருவாகப் போட்டாலும் மறுநாள் காலை அந்த வாடை மூக்கில் ஏறும்.

தின்று தீர்க்கவும் பார்த்தோம். காலையில் வெங்காயத் தொக்கு, மத்தியானம் வெங்காயக் குழம்பு, சாயங்காலம் பக்கோடா. தெருவில் எல்லா வீட்டுக்கும் முறம் முறமாகக் கொடுத்தாள். பிறகு அவள் முறத்தோடு வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றால் சாமிக்கு வெங்காயம் ஆகாது. குமரேசனின் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். குவியல் மட்டும் குறைந்த மாதிரியே தெரியவில்லை.

கஜபதி ஒரு காலையில் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார்.

"குப்பை வண்டி எப்ப வரும்னு கேட்டு வெச்சிக்கோ பாஞ்சாலி. ட்ராக்டர்காரன்கிட்ட நான் சொல்லிட்டேன். கரும்புக்கு ஓட்டணும் இல்ல?"

அவர் போனதும் பாஞ்சாலி படியில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். வெங்காயம் உரித்ததால் வந்தது என்று அவள் சொல்லிக்கொள்ளவும் இல்லை. "ஏன் பிரேமா, என் ஆயுசுல ஒரே ஒரு போகம் கேட்டேன். அதுகூடவா?" என்றாள்.

தாயம்மாள் அப்போது அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இவ்ளோ வெங்காயத்துக்கும் ஒரே வழி வடகம்தான். வெயிலும் நல்லா காயுது. ஆனா இந்த ஊட்டுல தான் அத்த போடக்கூடாதே."

ஏன் கூடாது என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதாவது ஒன்று ஆகாது. ஒரு வீட்டில் வாசலில் முருங்கை வைக்க ஆகாது. இன்னொரு வீட்டில் எள்ளுருண்டை பிடிக்க ஆகாது. துருவிக் கேட்டால், எந்தக் காலத்திலோ அதைச் செய்த வாரத்தில் யாரோ செத்திருப்பார்கள். பாஞ்சாலி வாழ வந்த வீட்டுக்கு வடகம் ஆகாது. மற்றவர்கள் போட்டதை வாங்கித் தாளித்துக்கொள்ளலாம், தங்கள் கையால் போடக்கூடாது. அவளோடு இருக்கிற மாமியார் கௌரியம்மாள் வாங்கினதைக்கூடத் தொடமாட்டார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், கஜபதி அரை டிராயர் போட்ட பையன், குமரேசன் கைக்குழந்தை. அந்தச் சித்திரைக் கடைசியில் கௌரியம்மாள் மாடியில் வடகம் காயவைத்தார். அது காய்ந்து முடிவதற்குள் வீராசாமி கரும்புத் தோட்டத்தில் விழுந்து செத்துப்போனார். அன்றிலிருந்து, வடகம் போட்டுப் புருஷனை வாரிக் கொடுத்தவள் என்று பெயர். வடகம் போட்டால் அந்த வீட்டு ஆம்பளை தங்கமாட்டான் என்று பேச்சு. கஜபதி அதைக் கேட்டே வளர்ந்தவர்.

இப்போது அந்த வீட்டில் இருக்கிற ஆம்பளை குமரேசன். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் சுவரில் சாய்ந்து தொக்கு போட்டுப் பிசைந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார். பிறகு புரிந்துகொண்டு தட்டைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு பயமா இருந்தா வேணாம்," என்றாள் பாஞ்சாலி.

"பயமாத்தான் இருக்குது." குமரேசன் குவியலைப் பார்த்தார். "ஆனா கொட்டிட்டா நீ ஆயுசுக்கும் இந்தப் படியிலயே உக்காந்துனு இருப்ப. அத்தப் பாக்கறதுக்கு நான் செத்தே போவலாம். போடு."

நல்ல புருஷனைப் பற்றி இந்தத் தெருவில் யாரும் பேசமாட்டார்கள், அதனால் நான் எழுதி வைக்கிறேன். அவர் சொன்னது இதுதான்.

பாஞ்சாலி உள்ளே போய்க் கௌரியம்மாளிடம் சொன்னாள். "அத்தே, வடகம் போடப் போறேன். உங்ககிட்ட கேக்கல. சொல்றேன்." கட்டிலில் படுத்திருந்த கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் அந்த ரூம் ஜன்னல் சாத்தப்பட்டது. அது கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. வெங்காயத்தின் காய்ந்த தோலைக் கசக்கி ஊதி, உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிக்கவேண்டும். மிக்ஸியில் அரைத்தால் கூழாகிவிடும். தோலோடு நசுக்கின பூண்டு, ஊறவைத்து உடைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு, கருவேப்பிலை எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து பானையில் ஊறவைக்கவேண்டும். காலையில் உருண்டை பிடித்து வெயிலில் வைக்கவேண்டும். சாயங்காலம் எல்லா உருண்டையையும் உடைத்துத் திரும்பப் பானையில் போட்டு, ஊறின சாறோடு பிசையவேண்டும். மறுநாள் மறுபடி உருண்டை. சாறு முழுக்க உள்ளே இறங்குகிற வரைக்கும் இப்படிப் பிடிப்பதும் உடைப்பதும்தான். பொறுமை இல்லாதவள் போட்ட வடகம் ஆடி மாசத்திலேயே பூசணம் பூத்துவிடும்.

இத்தனை வெங்காயத்துக்கு இரண்டு கை போதாது. தாயம்மாள் தன்னோடு களை எடுக்க வருகிற பெண்களைக் கூட்டிவந்தாள். நான் மிஷினை மூடி வைத்துவிட்டு உலக்கையைப் பிடித்தேன். பாஞ்சாலி வீட்டு மாடி, என் வீட்டு மாடி எல்லாம் புடவையை விரித்தோம். முதல் நாள் தாயம்மாள் இழுத்து இழுத்துச் சொன்னாள்: "தூரமா இருக்கறவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்கடி. வடகத்துல கை வெச்சா கெட்டுப்பூடும்."

"தூரம் கிட்டம்லாம் வெங்காயத்துக்குத் தெரியாது," என்றாள் பாஞ்சாலி. "கை இருக்கறவ எல்லாரும் வாங்க. கழுவிட்டு வாங்க, அது போதும்."

தாயம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கூட வந்ததில் ஒரு பெண் ஓரமாக நின்றிருந்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உருண்டை பிடிப்பதில் அவள் கை அற்புதமான கை.

தெரு முழுக்க வடக வாசனை. வாசனை பிடித்தவர்களும் ஜன்னலைச் சாத்தினார்கள், செய்தி தெரிந்து. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்து, "ஏம்மா, நல்ல பொம்பளைங்களா நீங்க? ஒரு ஆம்பள உசுரோட விளையாடறீங்களே," என்று கேட்டாள் ஒருத்தி. உன் வீட்டு ஆம்பளை தினமும் குடித்துவிட்டு ரோட்டில் விழுகிறானே, அதற்கு எந்த வடகத்தைச் சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டதற்கு நான் இதுவரைக்கும் வருத்தப்படவில்லை.

குமரேசனை யார் பார்த்தாலும் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஸ்டாண்டில் மற்ற ஆட்டோக்காரர்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்களாம், போகிற காலத்தில் குடிக்கட்டும் என்று. அவர் சிரித்துக்கொண்டே குடித்தார். ஆனால் ஓட்டும்போது மெதுவாக ஓட்டினார் என்று எனக்குத் தெரியும்.

மெதுவாக ஓட்டியும் என்ன? ஒருநாள் மத்தியானம் கே.ஜி.கண்டிகையிலிருந்து வரும்போது குறுக்கே ஒரு ஆடு வந்தது. ஒடித்துத் திருப்பினார், வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. ஆட்டோவில் வேறு யாரும் இல்லை. கணுக்கால் எலும்பு விரிசல் விட்டுப்போய், ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

அவர் வீடு வந்து சேர்வதற்குள் தெருவில் அவரைச் சாகடித்துவிட்டார்கள். ஒருத்தி ஒப்பாரிக்கே தயாராக வந்து நின்றாள். கட்டுப்போட்ட காலோடு அவர் உயிரோடு இறங்கியதும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கலைந்து போனார்கள். பாஞ்சாலி அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு என் வீட்டுக்குள் ஓடிவந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"தப்பு பண்ணிட்டனா பிரேமா? அவுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? நெலமாவது ஒண்ணாவது. எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிடட்டா?"

எனக்கும் பயம்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். படித்தவள், மூடநம்பிக்கை இல்லாதவள் என்றெல்லாம் சொல்லிக்கொள்வேனே தவிர, அந்த நிமிஷம் கொட்டிவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. "ஆடு குறுக்க வந்துச்சு பாஞ்சாலி. ஆடு வடகமா போட்டுச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவள் அழுகையோடு சிரித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

கஜபதி அதற்குள் வந்துவிட்டார். தம்பியைப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நேராக மாடிப்படி ஏறினார். மூலையில் கிடந்த கூடையை எடுத்து வடகத்தை வாரிப் போட ஆரம்பித்தார். பாஞ்சாலி ஓடிப்போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டாள். நானும் தாயம்மாளும் பின்னாலேயே ஓடினோம்.

"உடு பாஞ்சாலி."

"உடமாட்டேன் பாவா."

"கால் போச்சு. அடுத்தது இன்னா போவணும்? நைனா போனப்ப நான் சின்னப் பையன். இதே மாடியிலதான் வடகம் காஞ்சுகினு இருந்துச்சு. இவன் ஒருத்தன்தான்மா எனக்கு இருக்கறான். நெலத்த நீயே வெச்சிக்கோ. என் தம்பிய உட்டுடு." அதுவரைக்கும் அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மனுஷன் நிலத்துக்காக ஏறிவரவில்லை, நிஜமாகவே பயந்து வந்திருக்கிறார்.

பாஞ்சாலியின் பிடி தளர்ந்தது. நிலம் அவளுக்குத் தானாகவே கிடைத்தாகிவிட்டது. அந்தக் கூடையை விட்டால் போதும். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விடுவதைப் பார்த்தேன்.

"கூடைய கீழ வெய்டா கஜபதி."

கௌரியம்மாள் மேல்படியில் நின்றுகொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார். முட்டிவலி வந்த பிறகு அவர் மாடி ஏறி நான் பார்த்ததில்லை.

"உங்க நைனா வடகத்தால சாவல."

"யம்மா, நீ ஏன் மேல வந்த? கீழ போ."

"கேளுடா. ரெண்டு நாளா நெஞ்சு வலிக்குது நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினு இருந்தாரு. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம்னு நான் உங்க தாத்தாகிட்ட அழுதேன். கரும்புக்கு மில்லுலருந்து வெட்டு உத்தரவு வந்துடுச்சாம், ஆள் வந்துடுச்சாம், லாரி நிக்குதாம். வாய்வுடா, பூண்ட மென்னுட்டுப் போடான்னு வெட்டறதுக்கு அனுப்பினாரு. போனவர தூக்கினுதான் வந்தாங்க." கிழவி ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகச் சொன்னார், இத்தனை வருஷமாக வரிசைப்படுத்தி வைத்திருந்த மாதிரி. "பொணத்த எறக்கி வெக்கும்போதே உங்க தாத்தா மாடியப் பாத்துட்டாரு. இவ வடகம் போட்டதாலதான்னு சொன்னாரு. மொத்த ஊரும் ஆங் ஆங்னு தலையாட்டிச்சு."

"இத்த ஏன் நீ சொல்லவே இல்ல?"

"கையில ஒண்ணு, மடியில ஒண்ணு. சோறு போடறவர எதுத்து நான் இன்னாடா பேசறது? உங்க தாத்தா செத்ததுக்கு அப்புறம் சொல்லியிருந்தா எவன் நம்பியிருப்பான்? நீ நம்பியிருப்பியா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாற்பது வருஷம். ஒரு கல்யாணத்தில் இந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விதவை என்பதற்காக ஒதுங்குகிறார் என்று நினைத்திருந்தேன். கொன்றவள் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு கிழவன் கரும்புக்கு அவசரப்பட்டான், பழியை மருமகள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகச் செத்தும் போனான். அதைத்தான் இந்த ஊர் சாஸ்திரம் என்று காப்பாற்றி வைத்திருந்தது.

கௌரியம்மாள் சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்து புடவை விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். பானையை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். விளக்கெண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு முதல் உருண்டையைப் பிடித்தார்.

"இத்த நான் போடறேன். வடகம் போட்டா சாவணும்னா, இந்த வாட்டி நான்தான் சாவணும். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

கஜபதி கூடையைக் கீழே வைத்தார். வாரிப் போட்ட உருண்டைகளை அவரே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கினார். அடுக்கத் தெரியவில்லை, ஒன்றோடொன்று ஒட்டுகிற மாதிரி வைத்தார். யாரும் திருத்தவில்லை.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கௌரியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்தார். பூண்டு பத்தாது என்பார், இடித்தது போதாது என்பார், தாயம்மாளோடு வெந்தயத்துக்குச் சண்டை போட்டார். குமரேசன் மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, நீளமான குச்சியோடு மாடி நிழலில் காவல் இருந்தார். எங்கள் தெருக் காக்கைகளுக்கு அவர் ஜென்ம விரோதி ஆகிவிட்டார். வெயில் கைவிடவில்லை. கடைசி வெங்காயத்தை உரலில் போட்டபோது பாஞ்சாலி வீடு முழுக்கத் தேடிப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் ஒன்றிரண்டு கிடைத்தது. அதையும் விடவில்லை.

விற்பது எப்படி என்று நான் கவலைப்பட்டேன். கிருத்திகை அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் குமரேசனின் ஆட்டோவை ஸ்டாண்டு ஆள் ஒருவரை விட்டு ஓட்டிவரச் செய்து நிறுத்தி, பின் சீட்டில் வடகத்தைக் குவித்துவைத்தோம். விரதக்காரர்கள் வெங்காயத்தைத் தொடமாட்டார்களே என்றேன். "இன்னிக்குத்தான தொடமாட்டாங்க? நாளைக்கு ஊட்டுல கொழம்பு வெக்கமாட்டாங்களா?" என்றாள் பாஞ்சாலி. மலை இறங்கி வந்தவர்கள் மோந்து பார்த்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள், வாங்கினார்கள். மொட்டை போட்ட ஒரு நகரிக்காரர் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு இரண்டு பை எடுத்துப்போனார். குழாயடியில் என்னிடம் கேட்டவளும் ஆள்விட்டு வாங்கினாள். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

வைகாசியில் வீராசாமியின் திதி வந்தது. வருஷா வருஷம் கஜபதி வீட்டில்தான் படையல். இந்த வருஷம் கௌரியம்மாள், படையல் இந்த வீட்டில்தான், சமைப்பதும் நான்தான் என்று சொல்லிவிட்டார். கஜபதியும் அவர் மனைவி சுஜாதாவும் வந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை. பொரியல், கூட்டு, வடை, பாயசம் எல்லாம் பரிமாறியானதும், கௌரியம்மாள் உள்ளேயிருந்து ஒரு சின்னச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வடகம் தாளித்த கத்தரிக்காய்க் காரக்குழம்பு. வீடே மணத்தது.

படையலுக்கு வெங்காயம் பூண்டு சேர்க்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சுஜாதா வாயைத் திறந்தாள், பிறகு கஜபதியைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"அந்த வருஷம் அவரு வாய் உட்டுக் கேட்டாரு," என்றார் கௌரியம்மாள், இலையில் ஊற்றிக்கொண்டே. "உங்கம்மா வடகத்த உட நீ போட்டாதான் நல்லா இருக்குது, போடு கௌரின்னு கேட்டாரு. அவரு கேட்டாருன்னுதான் போட்டேன். காயறதுக்குள்ள போயிட்டாரு."

கஜபதி கற்பூரம் ஏற்றினார். இரண்டு தீக்குச்சி வீணான பிறகுதான் பற்றியது. கும்பிட்டானதும் காக்கைக்குச் சோறு எடுத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் மாடிக்குப் போனார்கள். வழக்கம் அதுதான், காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பிடவேண்டும். "கா, கா" என்று குமரேசன் தொண்டை வற்றக் கூப்பிட்டார். வாரக்கணக்காகக் குச்சியைக் காட்டி விரட்டின ஆள் திடீரென்று கூப்பிட்டால் எந்தக் காக்கை வரும்? எல்லாம் கரண்டு கம்பியில் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

நேரம் போனது. கீழே வந்த கஜபதியின் முகத்தில் பழைய பயம் திரும்பியிருந்தது. "யம்மா, காக்கா எடுக்கல," என்றார். "நைனா ஏத்துக்கலயோ இன்னாவோ."

பாஞ்சாலி கரண்டியோடு அப்படியே நின்றாள். எல்லோரும் கௌரியம்மாளைப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"உசுரோட இருந்தப்பவே அவரு கூப்ட்ட ஒடனே சாப்பிட வந்ததில்ல," என்றார். "பொறுமையா வருவாரு. சோறு ஆறுது, நீங்க உக்காருங்க."

முதல் இலையைத் தனக்கே போட்டுக்கொண்டார். ஆண்கள் உட்காருவதற்கு முன்னால், காக்கை எடுப்பதற்கு முன்னால், சோற்றில் குழி செய்து அந்தக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். நாங்கள் நின்றுகொண்டு பார்த்தோம். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. கஜபதி மெதுவாக அம்மாவுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பாஞ்சாலி அவருக்குப் பரிமாறினாள். முதல் வாய் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது முறை குழம்பு கேட்டபோதுதான் பேசினார்.

"வர தை மாசம் அந்த நெலத்துல இன்னா போடப் போற பாஞ்சாலி?"

"வெங்காயம்தான் பாவா," என்றாள் அவள்.